பதினான்கு சொல், ஒரு மூச்சு

போன வாரம் நிவேதா தொலைபேசியில் அழைத்தார். நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பிசியோதெரபிஸ்ட். யாரோ நல்ல மனதுக்காரர்கள் ஈரல் நோயாளிகளுக்கு இலவசமாகக் கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறார்களாம். அது நாடித்துடிப்பை எண்ணி, உடற்பயிற்சி போதுமா போதாதா என்று அதுவே சொல்லுமாம். ஒரு நோயாளிக்கு மேல்மூச்சு வாங்குகிறது, கடிகாரமோ பச்சை விளக்கைப் போட்டு இன்னும் வேகமாக நட என்கிறது. யாரை நம்புவது என்று கேட்டார்.

அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் திருப்பிக் கேட்டேன். எதிர்பார்த்ததுதான். முற்றிய ஈரல் நோயில் உணவுக்குழாயின் இரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும். அவை வெடிக்காமலிருக்க ஒரு மாத்திரை கொடுப்பார்கள். அது இதயத்தையும் சேர்த்து அடக்கி வைக்கும். மலை ஏறினாலும் நாடி நிதானமாகத்தான் அடிக்கும். கடிகாரத்தின் மேல் தப்பில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். நான் நாற்பத்து மூன்று நிமிடம் பேசினேன். நிவேதா சாப்பிட்டாரோ இல்லையோ என்று பிறகுதான் கவலை வந்தது. மறுபடி அழைத்துக் கேட்டேன். சாப்பிட்டுவிட்டாராம். "அந்தக் கன்னியப்பன் கதையை எழுதிக் குடுங்க சார், புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் கொடுக்குறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், தேறினேன். எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதக்காரர்கள் என்று பல வருடங்கள் ஓடின. ஈரல் நோயாளிகளை எங்கள் பக்கமே அனுப்ப மாட்டார்கள். அவர்களுக்கு ஓய்வுதான் மருந்து என்று எல்லோரும் நம்பிய காலம். படுத்தே கிடந்தார்கள். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னே நின்றது.

அதை மாற்றியவர் எங்கள் துறைத் தலைவி பிரேமா மேடம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். மேடம் நோயாளியின் கோப்பை முதலில் தொடவே மாட்டார். வாசலிலிருந்து நோயாளி நடந்து வருவதைப் பார்ப்பார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். பிறகு, "ஐயா, ஒரு நிமிஷம் எழுந்துக்கிறீங்களா?" என்பார். கையை ஊன்றி எழுகிறாரா, ஊன்றாமல் எழுகிறாரா, ஒரே தடவையில் எழுகிறாரா, ஆடி ஆடி எழுகிறாரா என்று அந்த ஒரு எழுதலில் பாதிக் கோப்பைப் படித்துவிடுவார்.

அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: காலையில் என்ன சாப்பிட்டீங்க? இரத்தப் பரிசோதனை என்று பலர் வெறும் வயிற்றில் வந்திருப்பார்கள். ஈரல் கெட்டவருக்குச் சேமிப்பு கிடையாது, பட்டினியில் உடம்பு தன் தசையையே தின்னும் என்பார் மேடம். மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் வேர்க்கடலை உருண்டை வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டு முடித்தால்தான் பரிசோதனை. நாங்கள் யாராவது அதில் கை வைத்தால், "மிஸ்டர், உங்க ஈரல் எப்படி இருக்கு?" என்று மெதுவான குரலில் கேட்பார். எடுத்த உருண்டையைத் திருப்பி வைத்துவிடுவோம்.

பிறகு வரிசையாக வரும். கண்ணில் மஞ்சள், காலில் வீக்கம், வயிற்றின் சுற்றளவு. இரண்டு கைகளையும் நீட்டி, போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல் மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்வார். கை பறவைச் சிறகு போல் அடித்துக்கொண்டால் மூளைக்கு விஷம் ஏறுகிறது, அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நேராக டாக்டரிடம். உள்ளே இரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, இன்று என்ன கிழமை? எண்டோஸ்கோபி எப்போது செய்தது, அதில் என்ன சொன்னார்கள்? இவ்வளவுக்கும் பதில் வந்த பிறகுதான் பயிற்சி என்ற பேச்சே எடுப்பார்.

எங்களுக்கு அவர் போட்ட சட்டம் இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் தூக்கவோ தள்ளவோ விடக்கூடாது, அந்த முக்கலில் உள்ளே அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கலாம். இரண்டாவது, நாடியை நம்பக்கூடாது. நோயாளி நடக்கும்போது கூடவே நடந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

இந்த இரண்டாவது சட்டம்தான் பழவேற்காட்டில் என் காலை வாரியது.

பணி ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது என்னைப் பொன்னேரிப் பக்கம் மாற்றினார்கள். வியாழக்கிழமைதோறும் பழவேற்காட்டில் முகாம். திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு வரை வேகத்தடைகள் பதினொன்று. பன்னிரண்டு என்று ஒரு கண்டக்டர் என்னிடம் சண்டைக்கே வந்தார். மறுவாரம் இருவரும் சேர்ந்து எண்ணினோம். பதினொன்றுதான்.

கன்னியப்பன் அங்கேதான் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரர். அவர் குடித்ததே இல்லை. மஞ்சள் காமாலைக் கிருமி பல வருடம் உள்ளே இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது. ஊரில் யாரும் அதை நம்பவில்லை. "குடிச்சிருந்தாலாவது ஒரு சந்தோஷம் மிஞ்சியிருக்கும் சார்" என்பார். சென்னையில் எண்டோஸ்கோபி செய்து, புடைத்த குழாய்களுக்கு வளையம் போட்டு, மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் எழுந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அமுலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை அமுலுதான் சொன்னார்.

"இன்னும் பன்னெண்டு வாரத்துல இவரு பாடு வருது சார். அன்னிக்கு இவரு படகுல இருக்கணும். இல்லன்னா பேரு பூடும்."

பாடு என்பது முறை. ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் யார் வலை வைப்பது என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குப்பத்தில் சட்டம் கறாரானது. பாடுக்காரர் தன் முறைநாளில் படகில் இருந்தாக வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது, மகனை அனுப்பலாம். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் இடம் அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போய்விடும். கன்னியப்பனுக்கு இரண்டும் மகள்கள். படுக்கையில் கிடந்து இரண்டு முறைகளைத் தவறவிட்டிருந்தார். அந்தப் பாடுதான் அவர்கள் வீட்டு அடுப்பு.

நான் சென்னைக்கு மேடத்தை அழைத்தேன். அவரும் டாக்டரும் பேசிச் சொன்ன பதில் இது: கால்கள் தேறினால் படகில் உட்காரலாம். தண்ணீரில் இறங்கவே கூடாது, கெளுத்தி முள் குத்திய சின்னக் காயம்கூட உப்பங்கழித் தண்ணீரில் இவருக்கு உயிராபத்தாக முடியலாம். இழுப்பது, தூக்குவது, தள்ளுவது எதுவும் கூடாது. அதற்கு முன் இன்னொரு எண்டோஸ்கோபி.

பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று போட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எழும்போது மூச்சை வெளியே விடுவது. சுவரில் கை ஊன்றிக் குதிகால் உயர்த்துவது. தினமும் நடை, முதலில் பத்து நிமிடம். நடக்குமுன் இரண்டு இட்லி, படுக்கப் போகுமுன் பாலும் வாழைப்பழமும். மீன், முட்டை தாராளமாக. கருவாடு கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல் இருவரும் பார்த்தார்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பு விஷம் என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை சொல்ல வாயெடுத்தபோது அமுலு, "புரிஞ்சிச்சு சார்" என்றார்.

முதல் இடைஞ்சல் நடையில் வந்தது. வேலையில்லாமல் தெருவில் போய்விட்டுத் திரும்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. பார்க்கிறவரெல்லாம் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். எங்கேயும் இல்லை என்று எத்தனை பேருக்குச் சொல்வது? கன்னியப்பன் ஒரு தந்திரம் செய்தார். காலி மீன்கூடை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். கூடை இருந்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் கூடையோடு போகிறவரிடம் பொருள் கொடுத்தனுப்புவதும் அந்த ஊர் வழக்கம். ஒரு வியாழக்கிழமை நான் போனபோது அவர் எதிரே வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூடையை இறக்கிப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு மடவை மீன், இன்னொரு வீட்டுக்கு நண்டு, அதன் மேல் ஐஸ், அதற்கும் மேலே யாரோ வைத்த ஒரு தேங்காய். சுகாதார நிலையத் தராசில் ஏழு கிலோ காட்டியது. அன்றோடு கூடையைப் பிடுங்கி ஒரு குடையைக் கொடுத்தேன். குடையோடு போனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த இடைஞ்சல் எனக்கு வந்தது. நான்காவது வாரம் கூடவே நடந்து மேடத்தின் சட்டப்படி பேச்சுக் கொடுத்தேன். கன்னியப்பன் சளைக்காமல் பேசினார். என் சம்பளம், என் பிள்ளைகள், நான் ஏன் குடையை வெயிலில் மடக்கியே வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் பற்றிக் கேலி. இவ்வளவு பேசுகிறாரே, வேகம் போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டினேன். அப்போதும் பேசினார், பாடவும் பாடினார். பாட முடிந்தால் இன்னும் கூட்டலாம் என்பதுதானே கணக்கு. கூட்டினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்தவர் எழவில்லை. உதடு வெளுத்து, தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. மறுநாளும் எழ முடியவில்லை என்று அமுலு அழைத்துச் சொன்னார். வாந்தி இல்லை, கறுப்பு மலம் இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது என்று நான்கு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்த வியாழன் போய், உடம்பு ஆடும்போது உங்களால் எப்படிப் பாட முடிகிறது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அதான சார் எம் வேலையே."

கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் குரல் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கி இழுப்பார்கள். குரல் விட்டால் இழுப்பு விட்டுப்போகும். ஆகவே குரல்காரர் உயிர் போனாலும் பாட்டை நிறுத்தக்கூடாது. கன்னியப்பன் இருபத்தெட்டு வருடம் அந்தக் குப்பத்துக் குரல்காரர். உடம்பு தளர்ந்தாலும் குரல் தளராமல் பழக்கி வைத்திருந்தார். நாடி மாத்திரையால் பேசவில்லை, வாயோ எப்போதும் பேசியது. இரண்டும் எனக்குப் பயனில்லை.

பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று எண் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு" என்றார். எத்தனை தடவை கேட்டாலும் இரண்டுதான். ஏலத்தில் வாங்க நிற்பவர் போல் குறைத்தே சொன்னார். மீன் விற்கும் அமுலு பக்கத்திலிருந்து, "ஒன்பது சார்" என்றார். இருவருக்கும் நடுவே ஐந்தரை என்று பேரம் முடித்து மருத்துவம் பார்க்க முடியுமா?

எண்ணுவது என் சுபாவம். பேருந்தில் ஜன்னல்களை எண்ணுவேன், சாப்பிடும்போது கவளத்தை எண்ணுவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. அன்று கன்னியப்பன் உட்கார்ந்தபடி என்மேல் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்:

"எக்சசைஸ் சாரு வந்தாரு, எங்க காலை எண்ணி நின்னாரு, மூச்ச எண்ணி மூச்ச எண்ணி மூணு கிலோ எளைச்சாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு. அத்தனையும் ஒரே மூச்சில். எழுந்து மெதுவாக நடந்துகொண்டே பாடச் சொன்னேன். 'நின்னாரு'வில் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பாடினார். ஏழும் ஏழும். கொஞ்சம் வேகம் கூட்டச் சொன்னேன். 'வந்தாரு'விலேயே மூச்சு வாங்கினார். மூன்று. உடனே நிறுத்தச் சொன்னேன்.

குரல் நிற்கவில்லைதான். ஆனால் நடுவே வாங்கிய மூச்சை மறைக்க அவராலும் முடியவில்லை. பாடுகிறாரா என்று கேட்பதில் பயனில்லை, ஒரு மூச்சில் எத்தனை சொல் பாடுகிறார் என்று எண்ண வேண்டும். பதினான்கும் ஒரே மூச்சில் வந்தால் நடை போதாது. ஏழில் உடைந்தால் சரியான வேகம். அதற்கும் கீழே போனால் நின்றுவிட வேண்டும். அன்றே மேடத்தை அழைத்துச் சொன்னேன். "மிஸ்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க" என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு பாடினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் இரண்டு அடி தள்ளிப் போனார்.

அதன் பிறகு வாரங்கள் வேகமாக ஓடின. அமுலு கூடவே நடந்து 'நின்னாரு'வைக் காவல் காத்தார். எட்டாவது வாரம் கன்னியப்பன் கையை ஊன்றாமல் எழுந்தார். பத்தாவது வாரம் அரை நிமிடத்தில் பதினோரு தடவை எழுந்து உட்கார்ந்தார். எடை ஐம்பத்தெட்டிலிருந்து அறுபத்திரண்டு ஆனது. ஈரல் நோயில் எடை கூடினால் சந்தோஷப்பட முடியாது, நீராக இருக்கலாம். வயிற்றை அளந்தேன், கணுக்காலை அமுக்கிப் பார்த்தேன், சென்னையில் ஸ்கேன் எடுக்க வைத்தேன். நீர் இல்லை, தசைதான் என்றார்கள். எண்டோஸ்கோபியிலும் குழாய்கள் அடங்கியிருந்தன. படகில் உட்காரலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உட்கார மட்டும்.

அதுதான் கடைசிச் சிக்கல். வேலை செய்யாமல் உட்கார்ந்து வருபவரைப் பாடுக்காரர் என்று ஊர் ஒப்புக்கொள்ளுமா? நானும் அமுலுவும் ஊர்த் தலைவரான நாட்டாரைப் பார்க்கப் போனோம். அவர் என் விளக்கம் முழுவதையும் கேட்டார். இரத்தக் குழாய் பற்றிய பகுதியை அவருக்காக இரண்டு தடவை சொன்னேன்.

"படகு கரையை வுடும்போது ஆளு உள்ள இருக்கணும், திரும்பி வரும்போதும் இருக்கணும். அவ்ளோதான் சட்டம்" என்றார் நாட்டார். "வேலையைப் பத்தி கூட வர்ற மூணு பேரு பேசிக்கட்டும்."

கூட வருபவர்களில் மூத்தவர் தேசப்பன், கன்னியப்பனின் மைத்துனர். அவர் பிகு செய்துகொண்டார். தண்ணீரில் இறங்கி வலை கட்டக் கழி நட ஓர் ஆள் குறைகிறதே என்றார். கடைசியில், மீனைத் தரம் பிரிப்பதும் வலைக்கயிற்றைப் பார்த்துக்கொள்வதும் கன்னியப்பன் வேலை, அவர் பங்கில் கால்வாசி மற்ற மூவருக்கும் என்று பேசி முடித்தார்கள். எனக்குக் கவலை அதில் இல்லை. படகு கரையில் ஏறிக் கிடக்கும். அதைத் தண்ணீருக்குத் தள்ளும்போது பக்கத்தில் நிற்கும் எந்த ஆம்பிளையும் கை கட்டி நிற்க மாட்டான், வெளியூர்க்காரன்கூட ஒரு கை கொடுப்பான். நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே முக்காக முக்குவார்கள். பன்னிரண்டு வாரம் காத்ததெல்லாம் அந்த ஒரு முக்கலில் போய்விடலாம். இதைக் கன்னியப்பனிடம் சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பிவிட்டார்.

என்னைக் கேலி செய்யாமல் அவர் கிளம்பி நான் பார்த்ததில்லை. அதனால் பாடு நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் போய்விட்டேன்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏழெட்டுப் படகுகள் கிடந்தன. நாட்டார் ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கன்னியப்பன் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார், அமுலு விரலைக் காட்டி மூன்று என்று சைகை செய்தார். காலுக்கு ரப்பர் செருப்பு, கையில் கீறல் எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்.

தேசப்பனும் மற்ற இருவரும் படகின் பின்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்கள். கன்னியப்பனும் பின்பக்கம் போனார். அவர் தோள் விளிம்புக்குக் கீழே குனிந்தது. அமுலு அசையவே இல்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டு, விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு, மணலில் கிடந்த படகுக்குள் ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஏறும்போது கால் நடுங்கவில்லை.

பக்கத்துப் படகிலிருந்து ஒருவன், "பல்லாக்கு கெளம்பிடுச்சு" என்றான். கரை முழுக்கச் சிரித்தது.

"இன்னா மாமா, தள்ளாம நீ பாட்டுக்கு ஏறி குந்திகினே" என்றார் தேசப்பன்.

கன்னியப்பனின் முகம் சிவந்திருந்தது. ஆனால் இறங்கவில்லை. "மூணு மாசத்துக்கு முன்ன நான் அம்பத்தெட்டு கிலோ. இப்ப அறுவத்திரண்டு" என்றார். "பாத்துத் தள்ளுங்கடா."

மூவரும் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். முதல் தடவை நகரவில்லை. பக்கத்துப் படகில் சிரித்தவனே வந்து தோள் கொடுத்தான். படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் போய் விழுந்தது. தேசப்பனும் இருவரும் தண்ணீரில் ஓடி ஏறிக்கொண்டார்கள்.

நாட்டார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் படகில் இருந்தவர்களை விரலால் எண்ணினார். நான்கு என்று சொல்லிவிட்டு அடுத்த படகுக்குப் போனார்.